ஏற்றத்தில் பதினைந்து டன்

டிரைவர் அண்ணன் ஓட்டிய மலை ரயில் மேல் வளைவில் நின்றுபோன செய்தி, வண்டி திரும்பி வருவதற்கு முன்பே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. நின்றது மட்டுமல்ல. நான்கு வேகன்களோடு அறுபது அடி பின்னால் வழுக்கி, கார்டு பிரேக்கைத் திருகு திருகென்று திருகிய பிறகுதான் அடங்கியிருக்கிறது.

அப்போது நான் அந்த ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. டிரைவர் அண்ணன் வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். கீழே அவரும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும், அவருடைய தம்பியும். அக்காவுக்கு எடை போடும் தராசுகளைப் பழுது பார்க்கிற தொழில். கடைக்காரர்கள் கொண்டுவந்து போடும் தராசுகளும் எடைக்கற்களும் வாசல் அறை முழுக்கக் கிடக்கும். செருப்பைக் கழற்றி வைக்கக்கூட இடம் தேட வேண்டும். தம்பி கடைத்தெருவில் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்பவர். முப்பத்தைந்து வயது, தனிக்கட்டை. தெருவே அவரை 'டிக்டிக்' என்றுதான் கூப்பிடும். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

அண்ணனும் தம்பியும் பேசி நான்கு வருடம் ஆகியிருந்தது. டிக்டிக் ரயில்வேயில் சேரப் போய், நிறம் பிரித்துப் பார்க்கும் கண் பரிசோதனையில் தோற்று வந்த நாளில், "விடுடா, நீ உன் பொம்மை இன்ஜினை ஓட்டிக்கிட்டு இரு" என்று அண்ணன் சொல்லிவிட்டார். ஆறுதலாகத்தான் சொன்னேன் என்பது அண்ணன் கட்சி. எந்த ஊரில் அது ஆறுதல் என்பது தம்பி கட்சி. அன்றிலிருந்து ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் இருவர் பேச்சும் அக்கா வழியாகத்தான் போய்வரும்.

"அண்ணி, உப்பு அண்ணன் பக்கத்துல இருக்கு."

"ஏங்க, உப்பாம்."

"கை நீட்டினா எட்டும்னு சொல்லு."

"எட்டுமாம்ப்பா."

"என் வாயே வலிக்குது, ரெண்டு பேரும் எனக்குச் சம்பளம் குடுங்க" என்று கையோடு சொல்வார் அக்கா.

வண்டி நின்றுபோன மறுநாளே, எங்கள் பாதைக்குப் பொறுப்பான சூப்பிரண்டு அண்ணனை இன்ஜினிலிருந்து இறக்கி, ஷெட்டில் சாம்பல் அள்ளப் போட்டார். இருபத்தோரு வருடம் அந்த மலைப்பாதையில் வண்டி ஓட்டியவர். தூங்கிவிட்டார் என்றான் ஒருவன். நெருப்பை அணைய விட்டுவிட்டார்கள் என்றான் இன்னொருவன். அவரோடு இருந்த ஃபயர்மேன் மட்டும் டீக்கடையில் எல்லாரிடமும் சத்தம் போட்டான்: "பிரஷர் முள்ளு நூத்தி அறுபதுல நின்னுச்சுய்யா! ஆவி இருந்துச்சு, நெருப்பு இருந்துச்சு. சக்கரம்தான் நின்ன இடத்துலயே கிறுகிறுன்னு சுத்துச்சு. நாங்க என்ன, தூங்கிக்கிட்டே கரி போட்டோமா?"

அண்ணனோ சாயங்காலம் சாம்பல் படிந்த தலையோடு வந்து, வீட்டுக்கு வெளியிலேயே வெகுநேரம் கைகால் கழுவிக்கொண்டிருப்பார். அக்கா வாசலில் துண்டோடு நிற்பார். "இன்னும் போகலையே" என்று மறுபடியும் தண்ணீரை ஊற்றிக்கொள்வார். முகத்தில் சாம்பல் ஒன்றும் இருக்காது.

இந்த நேரத்தில்தான் மலை மேலிருக்கும் மேலூரில் தண்ணீர்ப் பம்பு எரிந்துபோனது. மண் சரிந்து சாலை போய் ஏற்கெனவே மூன்று வாரம். மேலூருக்கு அரிசியும் மருந்தும் எங்கள் குறுகிய ரயிலில்தான் போய்க்கொண்டிருந்தன. பள்ளத்து ஊற்றிலிருந்து தண்ணீரை மேலேற்றும் ஒரே பம்பும் போனதும், அங்கே ஆஸ்பத்திரியில்கூட வாளிக்கணக்குத் தண்ணீர் என்று ஆகிவிட்டது. நான்காம் நாளே புதுப் பம்பு எங்கள் யார்டுக்கு வந்து இறங்கியது. மோட்டாரும் பம்பும் ஒரே இரும்பு அடித்தளத்தில் பூட்டியிருந்தன. பிரித்தால் மறுபடி பொருத்த ஆள் இல்லை. வேகனோடும் கார்டு வண்டியோடும் சேர்த்து முப்பத்திரண்டு டன். அன்று வழுக்கிய நான்கு வேகன்களோ இருபத்தெட்டு.

இன்னொரு டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டார் சூப்பிரண்டு. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அவராலயே முடியலைங்க ஐயா. நான் எந்த மூலைக்கு?" என்று சொல்லிவிட்டார்.

பம்பு, தார்ப்பாய் போர்த்தியபடி யார்டில் நின்றது. சாலை சரியாக இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றார்கள்.

டிக்டிக்கின் இன்ஜினைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொம்மை என்று சொன்னால் எனக்கே கோபம் வரும். நம் மலை இன்ஜினை அளந்து, அதைப் போலவே முழங்கை நீளத்தில், பித்தளையிலும் இரும்பிலும் அவரே கடைந்து செய்தது. அதே மாதிரி இரண்டு பக்கமும் தண்ணீர்த் தொட்டி. ஸ்பிரிட் விளக்கு எரிய, நிஜ ஆவியில் ஓடும். என் அறைக்கு வெளியே மொட்டைமாடியில் இருபத்தைந்து அடிக்குப் பலகை போட்டு, மேல் முனையை ஓரடி உயர்த்திச் செங்கல் அடுக்கி வைத்திருந்தார். மேல் வளைவின் ஏற்றமும் அதுதான், இருபத்தைந்துக்கு ஒன்று. லீவு நாளில் இரும்புத்துண்டு ஏற்றிய ஒன்பது வேகன்களை அது 'சக் சக்' என்று இழுத்துக்கொண்டு ஏறும். அதற்கு மேல் எனக்கு ஏது மதியத் தூக்கம்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா துணி காயப்போட மாடிக்கு வந்தார். டிக்டிக் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா, உன் வண்டியும் நின்னுபோச்சா?"

"கிண்டல் பண்ணாதீங்க அண்ணி. முதல் பத்துப் பதினஞ்சு தடவ ஜோரா ஏறுது. அப்புறம் சக்கரம் வழுக்குது. ஆவி குறையல. தண்டவாளத்த மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சுட்டேன். ஒன்பதாவது வேகன் சேர்த்ததுலேருந்து, ஒரு மாசமா இதே ரோதனை. மறுபடி எல்லாத்தையும் நிரப்பி ஆரம்பிச்சா ஒழுங்கா ஏறுது."

அக்கா ஈரத்துணியைக் கொடியில் விட்டுவிட்டு, இன்ஜின் பக்கத்தில் குந்தினார். தராசுக்காரருக்கு எதைப் பார்த்தாலும் முதலில் கை போவது அதன் எடைக்குத்தான். "கிளம்பும்போது எவ்வளவு எடை இருக்கும்?"

"நாலு கிலோ."

"இப்ப?"

"இப்பவும் அதே நாலு…" என்று ஆரம்பித்த டிக்டிக் வாயை மூடிக்கொண்டார்.

அக்கா கீழே போய் ஸ்பிரிங் தராசை எடுத்துவந்தார். துணியைச் சுற்றி, சூடான இன்ஜினைத் தொங்கவிட்டார். மூன்று கிலோ அறுநூறு.

"தொட்டித் தண்ணி போயிருச்சு அண்ணி. நானூறு கிராம்."

"அப்ப அது பலம் இல்லாம வழுக்கல. கனம் இல்லாம வழுக்குது."

தண்ணீர் ஊற்றப் போன டிக்டிக்கின் கையை அக்கா பிடித்துக்கொண்டார். "ஊத்தாதே. தண்ணிதான் காரணமா, எடைதான் காரணமான்னு எப்படித் தெரியும்?" மறுபடியும் கீழே போய், இருநூறு கிராம் எடைக்கல் இரண்டு கொண்டுவந்து, காலித் தொட்டிகள் மேல் பக்கத்துக்கு ஒன்றாக வைத்தார். "இப்ப விடு."

ஒன்பது வேகன்களையும் இழுத்துக்கொண்டு, ஒரு சக்கரம்கூட நழுவாமல், உச்சி வரை ஏறியது. கற்களை எடுத்தார். பாதியில் நின்று கிறுகிறுவென்று சுற்றியது. வைத்தார், ஏறியது. எடுத்தார், நின்றது. நான் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே விஷயம்தான் உறைத்தது. மேல் வளைவில் நின்ற வண்டி.

இரவுச் சாப்பாட்டில் ரொட்டியும் பருப்பும் அவித்த முட்டையும். அண்ணன் தலை குனிந்து பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணி," என்றார் டிக்டிக். "நடுத்தொட்டில வண்டி நின்னு தண்ணி பிடிக்கிறத எப்ப நிறுத்தினாங்கன்னு அண்ணன்கிட்ட கேளுங்க."

ஏழாவது கிலோமீட்டரில், ஓர் ஊற்றிலிருந்து நிரம்பும் தொட்டி அது.

"ஆறு வாரம் இருக்கும்" என்றார் அண்ணன், அக்காவைப் பார்த்து. "புது டைம்டேபிள். கீழே நிரப்பினாலே மேலூர் வரைக்கும் தண்ணி போதும், அங்க நிக்கிறது தண்டம்னு சூப்பிரண்டு எடுத்துட்டாரு. போதுமாத்தான் இருக்கு."

"குடிக்கப் போதும் அண்ணி. மிதிக்கப் போதாது. நம்ம இன்ஜின் நிறைஞ்சிருந்தா பதினஞ்சு டன். வளைவுக்குப் போறப்போ தண்ணியும் கரியும் ரெண்டு டன்னுக்கு மேல தீர்ந்திருக்கும். எங்க ரொம்பக் கனமா இருக்கணுமோ அங்க ரொம்ப லேசா இருக்கு. வெயில் காலத்துல தெரியல. மழை வந்துச்சு, சாலை போனதுல பாரம் கூடிச்சு, தொட்டி காலி. மூணும் அன்னைக்கு ஒண்ணாச் சேர்ந்துடுச்சு."

அண்ணன் மெல்லுவதை நிறுத்திவிட்டார். ரொட்டித் துண்டு விரலிலேயே இருந்தது.

"அன்னைக்கு…" என்றார் மெதுவாக. "வளைவுல ஆவி விடற ரெகுலேட்டரத் திறந்தப்போ எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. இன்ஜினோட கால் தரையில பாவாத மாதிரி. யார்கிட்ட சொல்றது? சிரிப்பாங்க." பிறகு நேராகத் தம்பியைப் பார்த்தார். "உன் இன்ஜின்ல எவ்வளவு குறைஞ்சா வழுக்குது?"

டிக்டிக் நான்கு வருடப் பழக்கத்தில், "பத்துல ஒரு பங்கு, அண்ணி" என்றார்.

அக்கா சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த முட்டை உருண்டு தரையில் விழுந்தது.

மறுநாள் காலை, அக்கா இன்ஜினைத் துண்டில் சுற்றிக் குழந்தை மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் நடந்தார். டிக்டிக் வேகன்களைத் தூக்கிக்கொண்டார். பலகைகள் என் தலையில். ஸ்டேஷன் வாசலில் டிக்டிக் நின்றுவிட்டார். கண் பரிசோதனை நாளுக்குப் பிறகு அவர் அந்தப் படியை மிதிக்கவில்லை. "அண்ணி, நீங்களே காட்டிடுங்களேன்."

"ஆவி பிடிக்க எனக்குத் தெரியுமா? ஜலதோஷத்துக்குப் பிடிக்கத்தான் தெரியும். வா பேசாம."

என் பார்சல் அறையில் பலகை போட்டோம். சூப்பிரண்டு ஒல்லியான மனிதர். வெயிலோ மழையோ, குடை இல்லாமல் வெளியே வர மாட்டார். குடையை ஊன்றிக்கொண்டு நின்று, கற்களை வைத்தும் எடுத்தும் மூன்று தடவை பார்த்தார். நான்காவது தடவை குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, தானே குந்தி உட்கார்ந்து கல்லை வைத்தார். ஏறியது. எடுத்தார். நின்றது. ஷெட் பக்கத்திலிருந்து அண்ணன் மண்வெட்டியோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுத்தொட்டில நிக்கிறத எடுக்கச் சொன்னது நான்தான்" என்றார் சூப்பிரண்டு, எழுந்திருக்காமலே. கல்லைக் கையில் உருட்டினார். "இருபது நிமிஷம் மிச்சம்னு நினைச்சேன்." பிறகு ஷெட்டைப் பார்த்துக் கத்தினார்: "டிரைவர்! மண்வெட்டியக் கீழ போடுங்க. தொட்டியச் சரி பண்ணிக் குடுத்தா முப்பத்திரண்டு டன்ன இழுத்துருவீங்களா?"

"இழுத்துருவேங்க ஐயா."

"வழுக்கினா?"

"வழுக்கினா நீங்க குடுக்கிற மண்வெட்டிய நானே கேட்டு வாங்கிக்கிறேன்."

"நானும் கார்டு வண்டில வர்றேன். பின்னால உருண்டா உங்களுக்கு முன்னால நான்தான் உருளணும்" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டார்.

ஆறு வாரம் சும்மா கிடந்ததில் நடுத்தொட்டிக்கு ஊற்றுநீர் வரும் குழாய் சேறும் இலையுமாக அடைத்திருந்தது. பாதைக் கூலிக்காரர்கள் எட்டுப் பேர் இரண்டு நாள் தோண்டினார்கள். அக்காவும் அவர்களோடு போனார். வால்வு இறுகிப் போயிருந்ததை, தராசுக்குப் போடும் எண்ணெயையே விட்டு, ஒரு பகல் முழுக்கத் தட்டித் தட்டி அவர்தான் திறந்தார். இரண்டாம் நாள் மதியம் தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும், கூலிக்காரர்கள் தங்கள் டீயை முதலில் அவருக்கு ஊற்றிக்கொடுத்தார்களாம்.

புதன்கிழமை காலை தூறல். அதுவும் நல்லதற்கில்லை. பெருமழை தண்டவாளத்தைக் கழுவிவிடும், தூறலோ இலைச்சாற்றையும் எண்ணெயையும் குழைத்துப் பூசிவிட்டுப் போகும். நான் பார்சல் பொறுப்பு என்ற சாக்கில் கார்டு வண்டியில் ஏறிக்கொண்டேன். பக்கத்தில் சூப்பிரண்டு, மடியில் குடை. டிக்டிக் கடையைத் திறக்கப் போகிறேன் என்று போனவர் போகாமல் பிளாட்பார முனையில் நின்றார். அண்ணன் இன்ஜினிலிருந்து அவரைப் பார்த்தார்.  விசிலை வழக்கத்தைவிட நீளமாக இழுத்தார்.

ஏழு கிலோமீட்டர் பிரச்சினை இல்லை. நடுத்தொட்டியில் நிறுத்தினார். குழாய் மெல்லியதாகத்தான் ஓடியது. இருபது நிமிடம் ஆயிற்று. சூப்பிரண்டு கடிகாரத்தைப் பார்த்தார். முப்பது நிமிடம்.

"டிரைவர், முக்கால்வாசி ஆயிருச்சே, போதாதா?"

"போதாதுங்க ஐயா. வழிஞ்சாத்தான் கிளம்புவேன்."

நாற்பத்தைந்தாவது நிமிடம் இரண்டு தொட்டிகளிலும் தண்ணீர் விளிம்பு தாண்டி இன்ஜினின் வயிற்றில் வழிந்தது. ஃபயர்மேன் மூட்டையில் கொண்டுவந்த கரியைக் குவித்துக் கரித்தட்டையும் நிரப்பிக்கொண்டான். வழுக்கினால் தண்டவாளத்தில் தூவுவதற்கான மணல் பெட்டியிலிருந்து ஈர மணலை வெளியே கொட்டிவிட்டு, காலையில் அடுப்பில் வறுத்துக் கொண்டுவந்திருந்த மணலைப் போட்டான். அண்ணன் ஒருமுறை இறங்கி, சக்கரத்தை உள்ளங்கையால் தட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

அதற்கப்புறம் ஏற்றம் இறுகத் தொடங்கியது. புகைபோக்கியின் சத்தம் மெல்ல மெல்லத் தனித்தனியாகப் பிரிந்தது. சக்… சக்… சக்… இரண்டு சத்தத்துக்கு நடுவே ஒரு மூச்சு விடலாம் போலிருந்தது. வண்டி ஆள் நடக்கும் வேகத்துக்கு வந்தது. வளைவு தெரிந்தது. அங்கே பாதை ஓரம் முழுக்க ஆட்கள். மேலூரிலிருந்து இறங்கி வந்து நின்றவர்கள். அவர்களுக்கு முன்னால், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் கோணிச் சாக்கோடு அக்கா. முந்தின நாளே கூலிக்காரர்களோடு மேலேயே தங்கிவிட்டிருந்தார். அவரும் எட்டு ஆட்களும் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் இலைச்சாற்றைத் துடைத்துக்கொண்டே வளைவு முழுக்க வந்திருந்தார்கள்.

வளைவின் நட்டநடுவில் அந்தச் சத்தம் வந்தது. கிறுகிறுகிறு. சக்கரம் நழுவியது. கார்டு வண்டி ஒருமுறை குலுங்கியது. பிரேக் சக்கரத்தைப் பிடித்திருந்த கார்டின் விரல்கள் வெளுத்தன. சூப்பிரண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணன் பதறவில்லை என்று ஃபயர்மேன் பிற்பாடு சொன்னான். ரெகுலேட்டரை ஒரு விரற்கடை மூடினார், மணலை விட்டார். வேறு எதுவும் செய்யவில்லை. பதினைந்து டன்னும் தண்டவாளத்தில் உட்காரட்டும் என்று விட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். இரண்டு சுற்று வீணாகச் சுற்றிய சக்கரம் மூன்றாவது சுற்றில் மணலைக் கடித்தது. நறநறவென்ற சத்தம் எங்கள் கால் வழியாக ஏறியது.

சக்.

"பிடிச்சிருச்சு!" என்று அக்கா கத்தினது இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

சக்… சக்… அவர் இன்ஜினோடு கூடவே நடக்க ஆரம்பித்தார். கூலிக்காரர்களும் நடந்தார்கள். மேலூர்க்காரர்களும் நடந்தார்கள். கல்யாண ஊர்வலம் போகிற வேகத்தில் பம்பு வளைவைக் கடந்தது. அன்று நின்றுபோன இடம் எங்களுக்குக் கீழே போனது. மேல் திருப்பத்தில் பாதை சமமானதும் புகைபோக்கிச் சத்தம் சட்டென்று ஒன்றோடொன்று சேர்ந்து ஓடியது. அண்ணன் விசிலைப் பிடித்து இழுத்தவர், மேலூர் பிளாட்பாரம் வரை விடவே இல்லை.

சூப்பிரண்டு கண்ணைத் திறந்தார். "தாண்டியாச்சா?"

"தாண்டியாச்சுங்க ஐயா."

"நான் பயப்படலன்னு எழுதிக்கங்க" என்றார். கார்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

மேலூரில் அண்ணனை இன்ஜினிலிருந்து இறங்கவே விடவில்லை. நான்கு பேர் தோளில் தூக்கிவிட்டார்கள். "யோவ், என்னை இறக்குங்கய்யா! கண்டுபிடிச்சது என் வீட்டுக்காரி, அவளத் தூக்குங்க!" என்று அவர் மேலிருந்து கத்தினார். கூட்டம் அக்கா பக்கம் திரும்பியது. அக்கா சாக்கை விரித்துத் தடுத்துக்கொண்டார். "கிட்ட வராதீங்க. என் எடை எனக்குத் தெரியும். இந்த ஈரத்தரையில உங்க கால்தான் வழுக்கும்!"

பம்பைப் பொருத்த ஒரு நாள் பிடிக்கும் என்றார்கள். யாரும் காத்திருக்கவில்லை. அன்று பின்மதியமே எண்ணெய்க் கறை படிந்த ஆட்கள் இருபது பேர் கூடிப் பூட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு துரு நிறத்தில் கொஞ்சம், பிறகு சுத்தமான தண்ணீர். நர்ஸ் ஒருத்தி அதில் முகத்தைக் கழுவிக்கொண்டே அழுதாள். அண்ணன் ஒரு வாளி பிடித்துத் தலையோடு ஊற்றிக்கொண்டார். ஒரே வாளிதான்.

காலி வேகனோடு கீழே இறங்கியபோது அந்தி வெளிச்சம் இன்னும் இருந்தது. டிக்டிக் காலையில் நின்ற அதே பிளாட்பார முனையில் நின்றுகொண்டிருந்தார். கடையைத் திறக்கவே இல்லை. போன் வழியாகச் செய்தி எப்போதோ வந்துவிட்டது. ஊரே வந்து அவர் கையைக் குலுக்கிவிட்டுப் போயிருந்தது. ஆனாலும் அவர் நகரவில்லை.

அண்ணன் இறங்கி அவர் முன்னால் போய் நின்றார். அக்காவும் நானும் பின்னால்.

டிக்டிக் தொண்டையைச் செருமினார். "வழுக்குச்சா?"

"ஒரே ஒரு தடவ."

"எங்க?"

"நடு வளைவுல. ரெண்டு சுத்து."

"முதல்ல மணலக் கடிச்சது உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

அண்ணன் யோசித்தார். "உள்பக்கம்தான் முதல்ல. நீ ஏன் கேக்குற?"

"வளைவுல தண்டவாளத்த ஒரு பக்கம் உயர்த்தி வச்சிருக்காங்கல்ல, மெதுவாப் போறப்போ எடை எந்தப் பக்கம் சாயும்னு…"

"அட, ஆமாடா!" அண்ணன் தம்பியின் தோளில் கையைப் போட்டார். சட்டை கரியானதை இருவருமே கவனிக்கவில்லை. "அப்ப தொட்டிய ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நிரப்பக் கூடாதுங்கிறியா?"

"அப்படி இல்ல, கேளுங்க…"

தெரு நடுவில், வருகிற சைக்கிளுக்குக்கூட வழி விடாமல், இருவரும் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு நடந்தார்கள். வீட்டைத் தாண்டியும் போய்விட்டார்கள். அக்கா வாசலில் நின்று இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். காதில் விழவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு, தெருக்கோடியில் திரும்பும் அந்த இரண்டு முதுகுகளையும் பார்த்தார்.

"நாலு வருஷப் பேச்சு பாக்கி இருக்கு" என்றார் என்னிடம். "நீ உள்ள வா தம்பி, நாம சாப்பிடுவோம். இன்னைக்காவது என் வாய் சாப்பிடறதுக்கு மட்டும் திறக்கட்டும்."